பழுது முன்வரிசையில்தானா? கல்லூரி ஃபுட்பால் அணியின் பிளாக்கிங்கை அறிகுறி பார்த்து ஆராயும் வழிமுறை

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஓர் அணி தோற்றுவிட்டால், மறுநாள் காலையில் ரசிகர்கள் முதலில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைக் கைகாட்டுவார்கள். அடுத்ததாக அவருக்கு முன்னால் நின்று எதிராளிகளைத் தடுக்கும், அதாவது பிளாக்கிங் செய்யும், முன்வரிசையின் ஐந்து பேரைக் கைகாட்டுவார்கள். குவார்ட்டர்பேக்கின் குற்றத்துக்காவது அவர் எறிந்த பந்து சாட்சியாக இருக்கும். முன்வரிசையின் மீது சுமத்தப்படும் குற்றமோ பெரும்பாலும் சாட்சியே இல்லாமல் சுமத்தப்படுகிறது. ஏனெனில் பந்து போகும் திசையில்தான் நம் கண்ணும் போகிறது, அந்த ஐவர் என்ன செய்தார்கள் என்பதை நம்மில் பலர் பார்ப்பதே இல்லை. அறிகுறி ஒன்றே ஆனாலும் காரணங்கள் நான்கைந்து இருக்கக்கூடும் என்பதால், ஒவ்வோர் அறிகுறியிலிருந்தும் காரணத்துக்கு எப்படிப் போய்ச்சேர்வது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். பெரும்பாலான இடங்களில் 2024ஆம் ஆண்டின் ஒஹையோ ஸ்டேட் அணியையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். ஒரு முன்வரிசைக்கு வரக்கூடிய ஏறக்குறைய எல்லா நோயும் ஒரே பருவத்தில் அந்த அணிக்கு வந்தது.

தொடங்குமுன்

ஆட்டத்தின் பதிவு கையில் இருக்க வேண்டும். நேரலையில் பார்த்ததை நினைவிலிருந்து ஆராய்ந்தால், நினைவில் நிற்பவை மூன்று சேக்குகளும் (எறியுமுன் குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுவது) ஒரு ஃபம்பிளும் (பந்து கைநழுவுவது) மட்டுமே. மீதி அறுபது பிளேக்கள் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முயற்சியும் ஒரு பிளே) மறந்துபோயிருக்கும். ஒவ்வொரு பிளேயையும் ஸ்னாப்புக்கு, அதாவது நடுவில் நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் தரும் கணத்துக்கு, சற்று முன் நிறுத்தி, எதிரணியில் எத்தனை பேர் பந்துக்கு அருகே நெருங்கி நிற்கிறார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதை மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். முதல் முறை நடுவில் உள்ள சென்டரையும் இரண்டு கார்டுகளையும், இரண்டாம் முறை இரு ஓரங்களிலும் உள்ள டேக்கிள்களையும், டேக்கிளை அடுத்து நின்று தடுக்கவும் பந்து வாங்கவும் செய்யும் டைட் எண்டையும், கடைசியாகத்தான் பந்தையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டுக் கேமராவில் இந்த ஐவரும் ஒருவரை ஒருவர் மறைத்து நிற்பார்கள். ஆகவே கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து மறுஒளிபரப்பு காட்டப்படும் ஒவ்வொரு சந்தர்ப்பத்தையும் விடாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இடைவெளிகளின் பெயர்களையும் தெரிந்துகொள்வது நல்லது. சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே உள்ளது ஏ கேப், கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவே உள்ளது பி கேப், டேக்கிளுக்கு வெளியே உள்ளது சி கேப். (டேக்கிள் என்பது ஒரு நிலையின் பெயராகவும் எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் செயலின் பெயராகவும் இருப்பது புதியவர்களைக் குழப்பும். தடுக்கும் அணியிலும் டேக்கிள் என்றொரு நிலை இருப்பது அந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டும். இக்கட்டுரையில் வெறுமனே டேக்கிள் என்றால் தாக்கும் அணியின் ஓர ஆட்டக்காரரையே குறிக்கும்.)

அறிகுறி: ஓட்டத்தின் சராசரி படுத்துவிட்டது

புள்ளிவிவரப் பலகையில் ஓர் ஓட்டத்துக்கு மூன்று யார்டு என்று கண்டவுடன் முன்வரிசையைத் திட்டத் தொடங்காதீர்கள். கல்லூரி ஆட்டத்தின் அதிகாரப்பூர்வக் கணக்கில், குவார்ட்டர்பேக் சேக் ஆகி இழக்கும் யார்டுகள் ஓட்டக் கணக்கிலிருந்து கழிக்கப்படுகின்றன, அந்தச் சேக்கும் ஓர் ஓட்டமாகவே எண்ணப்படுகிறது. தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் இந்த வழக்கம் இல்லை; அங்கே அது எறிதலின் கணக்கில் போய்ச்சேரும். தொழில்முறை ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர்கள் கல்லூரிப் புள்ளிவிவரத்தைத் தவறாகப் படிப்பதற்கு இதுவே முதல் காரணம்.

கற்பனையாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் அணி 34 ஓட்டங்களில் 102 யார்டு எடுத்ததாகப் பலகை காட்டுகிறது, சராசரி 3.0. அதில் 6 சேக்குகளும் அவற்றால் இழந்த 40 யார்டும் அடக்கம். அவற்றை நீக்கினால் உண்மையான ஓட்டங்கள் 28, யார்டுகள் 142, சராசரி 5.1. அப்படியானால் ஓட்டத்துக்கான பிளாக்கிங்கில் குறையே இல்லை, குறை பாஸ் பாதுகாப்பில் (எறியும்போது குவார்ட்டர்பேக்கைக் காப்பதில்) என்று தோன்றும். அங்கேயே நின்றுவிடாதீர்கள். அந்த 28 ஓட்டங்களில் ஒன்று மட்டும் 65 யார்டு பாய்ந்ததாக இருந்தால், மீதி 27 ஓட்டங்களில் கிடைத்தவை 77 யார்டுகள்தான், சராசரி 2.9க்கு வந்துவிடுகிறது. ஒரே ஆட்டம், ஒரே எண்கள். முதல் கழித்தலில் நிரபராதியாகத் தெரிந்தவர்கள் இரண்டாவது கழித்தலில் மறுபடியும் கூண்டில் ஏறிவிட்டார்கள்.

இதனால்தான் முன்வரிசையை அளப்பதற்கென்று வகுக்கப்பட்ட சூத்திரங்கள் நீண்ட ஓட்டங்களை வெட்டிவிடுகின்றன. அவற்றுள் பலரும் அறிந்த ஒன்று, முதல் நான்கு யார்டுகளுக்கு முன்வரிசைக்கு முழு மதிப்பையும், ஐந்திலிருந்து பத்து வரை பாதி மதிப்பையும் தரும். பத்துக்கு மேல் எதுவும் தராது. பின்னோக்கி இழந்த யார்டுகளுக்கோ ஒன்றேகால் மடங்குக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 120 விழுக்காடு தண்டம் விதிக்கும். வீட்டில் உட்கார்ந்து கணக்கிட இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. பந்து வைத்த கோட்டிலோ அதற்குப் பின்னாலோ இறந்துபோன ஓட்டங்கள் எத்தனை என்று எண்ணினாலே போதும். ஐந்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று கொள்வேன்.

அடுத்து, நீங்கள் குறித்துவைத்த ஆட்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஐந்து முன்வரிசையினரும் ஒரு டைட் எண்டும் சேர்ந்து தடுப்பவர்கள் ஆறு பேர். எதிரணி ஏழு பேரை நெருக்கமாக நிறுத்தியிருந்தால் ஒருவர் தடுக்கப்படாமலேதான் இருப்பார். அவரை ஏய்த்துப் போவது பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கின் வேலை. அந்த எண்ணிக்கையைக் கண்டும் ஓட்டத்தையே அழைத்தவர் பயிற்சியாளர். இங்கே ஒரு பெரும் தவறை ரசிகர்கள் வழக்கமாகச் செய்கிறார்கள்: ஸோன் ரீட் என்ற வகை ஓட்டத்தில் எதிரணியின் ஓர ஆட்டக்காரர் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவார்கள், அவர் உள்ளே பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஓடுவார், பாயாவிட்டால் ரன்னிங் பேக்கிடம் கொடுப்பார். அந்த ஆள் ரன்னிங் பேக்கை வீழ்த்திவிட்டால், படித்துத் தீர்மானித்த குவார்ட்டர்பேக் தவறினார் என்றுதான் பொருள். அந்த ஆளைக் கடந்து, எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரை நோக்கிப் போன டேக்கிள் தனக்கிட்ட வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார். வசைக்கு ஆளாவது மட்டும் அவர்.

எண்ணிக்கை சமமாக இருந்தும் ஓட்டம் இறந்திருந்தால், அது எங்கே இறந்தது என்பதைப் பாருங்கள். பந்து கைமாறும் இடத்திலேயே எதிராளி வந்து நின்றால், யாரோ ஒருவர் முதல் அடியிலேயே தோற்றிருக்கிறார். இது குறிப்பாக, கார்டு தன் இடத்தை விட்டு மறுபுறம் ஓடிப்போய்த் தடுக்கும் பவர், கவுன்டர் வகை ஓட்டங்களில் நிகழும். அவர் விட்டுச்சென்ற வாசலை அடைக்க வேண்டியவர் பெரும்பாலும் சென்டர். ஓடிய கார்டின் பின்னாலேயே எதிரணியின் தடிமனான ஆள் உள்ளே நுழைந்திருந்தால், கார்டைக் குற்றம் சொல்லாமல் சென்டரைப் பாருங்கள்.

பந்து வைத்த கோட்டிலேயே ஓட்டம் இறந்தால், இருவர் சேர்ந்து ஒருவரைத் தள்ளும் இரட்டைத் தடுப்பைப் பார்க்க வேண்டும். அந்த இருவரும் தோளோடு தோள் ஒட்டி, எதிரே நிற்பவரை ஓரடியாவது பின்னுக்குத் தள்ளிய பிறகு, ஒருவர் மட்டும் பிரிந்து லைன்பேக்கரிடம் போக வேண்டும். சீக்கிரம் பிரிந்தால் முன்னால் நிற்பவர் அசைய மாட்டார். தாமதமாகப் பிரிந்தால் லைன்பேக்கர் வந்து வாசலை அடைத்துவிடுவார். இந்த நேரக்கணிப்பு உடல்வலுவால் வருவதில்லை, பக்கத்தில் நிற்பவரோடு பல மாதங்கள் சேர்ந்து பழகுவதால் வருவது. அடிக்கடி ஆள்மாறும் வரிசையில் முதலில் கெடுவதும் இதுவே.

2024 நவம்பர் 30 அன்று மிச்சிகனிடம் 13-10 என்று தோற்ற ஒஹையோ ஸ்டேட், 26 ஓட்டங்களில் 77 யார்டு மட்டுமே எடுத்தது. அன்றைய பதிவை மேற்சொன்ன வரிசையில் பார்த்தால் இரண்டு பழுதுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பது தெரியும். மிச்சிகனின் நடுவில் மேசன் கிரேகமும் கென்னத் கிராண்ட்டும் நின்றார்கள்; கல்லூரி ஆட்டத்தில் அந்த ஆண்டு அவ்விருவரைவிட வலிய நடு இணையைக் காண்பது அரிது. எதிரே நின்றதோ காயங்களால் நடுப்பகுதி மாற்றியமைக்கப்பட்ட வரிசை. அது முதல் பழுது. ஜெரமையா ஸ்மித், எமெக்கா எக்புக்கா போன்ற, எறிந்த பந்தை வாங்கும் ரிசீவர்கள் ஓரங்களில் காத்திருக்க, மறுபடி மறுபடி அந்த நடுச்சுவரிலேயே போய் முட்டும்படி ஓட்டங்களை அழைத்தது இரண்டாவது பழுது. முதலாவதை அன்று சரிசெய்ய முடியாது. இரண்டாவதை இடைவேளையிலேயே சரிசெய்திருக்கலாம் என்பது என் கருத்து.

அறிகுறி: குவார்ட்டர்பேக் அடிக்கடி தரையில் கிடக்கிறார்

கைபேசியில் உள்ள நிறுத்துகடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்னாப்பிலிருந்து முதல் நெருக்கடி வரையிலான நேரத்தை அளந்தால், வழக்கு பாதி முடிந்துவிடும். இரண்டரை விநாடிக்குள் யாராவது குவார்ட்டர்பேக்கை எட்டிவிட்டால் பாதுகாப்பு உடைந்திருக்கிறது என்று கொள்ளலாம். மூன்றரை விநாடிக்குப் பிறகு வந்த சேக்கை முன்வரிசையின் தலையில் கட்டுவது அநியாயம்; ரிசீவர்கள் எவரும் விடுபடாமல் இருந்திருக்கலாம், அல்லது குவார்ட்டர்பேக் பந்தை விட மனமில்லாமல் வைத்திருந்திருக்கலாம். இடைப்பட்ட அந்த ஒரு விநாடிதான் எல்லாச் சண்டைக்கும் இடம்.

நேரம் குறைவாக இருந்தது என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி: வந்தவர் யாரையும் எதிர்கொள்ளாமல் வந்தாரா, ஒருவரை வென்று வந்தாரா? இரண்டும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வேறுவேறு.

எவரும் தொடாமல் வந்தார் என்றால், பாய்ந்தவர்களையும் தடுத்தவர்களையும் எண்ணுங்கள். ஆறு பேர் பாய்ந்து ஐந்து பேர் மட்டுமே தடுத்திருந்தால், மீந்த ஒருவரைக் குவார்ட்டர்பேக்தான் சட்டென்று பந்தை எறிந்து சமாளிக்க வேண்டும். அது எல்லா அணியிலும் எழுதப்பட்ட விதி. ஆனால் நான்கு பேர் மட்டுமே பாய்ந்து அதில் ஒருவர் தடையின்றி வந்திருந்தால், வேறெங்கோ இரண்டு பேர் ஒருவரையே தடுத்துக்கொண்டோ, ஒருவர் யாரையும் தடுக்காமலோ நின்றிருக்கிறார்கள். இது பேச்சுவார்த்தையில் வந்த பிழை. வரிசையின் பாதி ஒரு பக்கமாகச் சரிந்து இடைவெளிகளைக் காக்க, மறுபாதி ஆளுக்கு ஆள் என்று பிடிப்பது இன்று பரவலான ஏற்பாடு. எந்தப் பக்கம் சரிவது என்பதைச் சென்டரோ குவார்ட்டர்பேக்கோ ஸ்னாப்புக்கு முன் விரல்நீட்டிச் சொல்வார்கள். தற்கால எதிரணிப் பயிற்சியாளர்கள் இதைத்தான் குறிவைக்கிறார்கள்: ஒரு பக்க ஓர ஆட்டக்காரர் பாய்வதுபோல நின்று பின்வாங்கிவிடுவார், மறுபக்கத்திலிருந்து ஒரு லைன்பேக்கர் பாய்வார். பாய்ந்தவர்கள் நால்வரே, ஆனால் வரிசையோ ஆளில்லாத பக்கம் சரிந்து காற்றைத் தடுத்துக்கொண்டிருக்கும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது ஸ்டன்ட் எனப்படும் இடமாற்றம். எதிரணியின் உள்ளாள் வெளியே வெட்டிப் பாய, வெளியாள் அவருக்குப் பின்னால் வளைந்து உள்ளே வருவார். கார்டும் டேக்கிளும் ஒரே ஆழத்தில் நின்றால் ஆளை மாற்றிக்கொள்வது எளிது. ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் நின்றால் மாறும்போது ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள். நம் அணி ஆட்டக்காரர்கள் இருவர் தங்களுக்குள் முட்டிக்கொள்வதைப் பதிவில் கண்டீர்களானால் வேறெதையும் தேட வேண்டாம், காரணம் அதுவே. ஓர் ஆட்டத்தில் எதிரணி ஒரே ஸ்டன்ட்டைத் திரும்பத் திரும்ப அழைக்கிறது என்றால், அந்த ஜோடியின் பலவீனத்தை நமக்கு முன்பே அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ரன்னிங் பேக்கையும் மறந்துவிடாதீர்கள். கூடுதல் ஆட்கள் பாயும் பிளிட்ஸ் வரும்போது நடுவில் வருபவரை எதிர்கொள்ளும் பொறுப்பு பல ஏற்பாடுகளில் அவருக்கே உண்டு. உயர்நிலைப் பள்ளியில் பந்தோடு ஓடி மட்டுமே பெயர்பெற்று வந்த பதினெட்டு வயதுப் பையன், 105 கிலோ லைன்பேக்கரை நெஞ்சால் வாங்கிக்கொள்ளக் கற்பதற்கு ஓராண்டாவது ஆகும். புதிதாக வந்த திறமையான ரன்னிங் பேக்குக்கு ஏன் மூன்றாம் டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) இடமில்லை என்று வியப்பவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது.

இனி, ஒருவரை வென்று வந்தார் என்றால், எந்தப் பக்கமாக வென்றார் என்று பாருங்கள். டேக்கிளின் வெளிப்புறமாகச் சுற்றி வந்தால் டேக்கிளின் கால்கள் மெதுவாக இருக்கின்றன, அல்லது ஸ்னாப்பில் தாமதமாக எழுந்தார். உட்புறமாக வெட்டி வந்தால், வெளிப்புறத்துக்குப் பயந்து டேக்கிள் தேவைக்கு அதிகமாக வெளியே நகர்ந்துவிட்டார்; இரண்டாவது சேக் உட்புறத்தில் வந்ததற்குக் காரணம் முதல் சேக் வெளிப்புறத்தில் வந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். நேராக நெஞ்சில் முட்டிப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தால், முழங்கால் மடங்காமல் இடுப்பு உயர்ந்து நின்றிருக்கிறார், அல்லது அவருக்கு இன்னும் வலு போதவில்லை. இதில் முதலிரண்டும் பயிற்சியில் தீரும். மூன்றாவது உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு குளிர்காலம் கழிந்தால்தான் தீரும்.

ஆனால் வெளிப்புறத் தோல்வியைத் தீர்ப்பிடுமுன் குவார்ட்டர்பேக் எவ்வளவு ஆழத்தில் நின்றார் என்று அளந்துவிடுங்கள். டேக்கிள் தன் எதிராளியை ஏழு யார்டு ஆழத்தில் பின்னால் கடத்திவிடுவதாகக் கணக்கிட்டு ஆடுகிறார். குவார்ட்டர்பேக் முன்னே ஓரடி வைத்தால் எதிராளி வெறுங்கையோடு சுற்றிப் போய்விடுவார். அவரோ பதற்றத்தில் பத்து யார்டுக்குப் பின்வாங்கினால், டேக்கிள் கடத்திவிட்ட ஆள் நேராக அவர் மடியில் போய் விழுவார். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு டேக்கிள் தோற்றதாகவே தெரியும்.

அறிகுறி: வரிசையின் ஒரு பக்கம் மட்டும் சரிகிறது

முதலில் அது உண்மையிலேயே ஒரு பக்கத்தின் கோளாறா என்று பாருங்கள். கல்லூரி மைதானத்தில் பந்து வைக்கப்படும் உள்கோடுகள் இரண்டுக்கும் நடுவே 40 அடி இடைவெளி உண்டு. என்எஃப்எல்லில் அது பதினெட்டரை அடிதான். ஆகையால் கல்லூரியில் பந்து பெரும்பாலும் மைதானத்தின் ஓர் ஓரத்தை ஒட்டியே இருக்கும். ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும். பிளிட்ஸ்கள் ஒடுங்கிய பக்கத்திலிருந்தே அதிகம் வந்திருந்தால், சரிந்தது இடது டேக்கிள் அல்ல, எந்த டேக்கிள் அந்தப் பக்கம் நின்றாரோ அவர்.

பக்கம் மாறினாலும் அதே ஆள்தான் சரிகிறார் என்றால், அவர் எப்போதிலிருந்து அங்கே நிற்கிறார் என்று விசாரியுங்கள். ஒஹையோ ஸ்டேட்டின் கதை இங்கே முழுமையாகச் சொல்லத்தக்கது. 2024 அக்டோபர் 12 அன்று ஆரிகனிடம் 32-31 என்று தோற்ற ஆட்டத்தில் இடது டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் காயமடைந்து, அந்தப் பருவத்தில் அதன்பின் ஆடவே இல்லை. அக்டோபர் 26 அன்று நெப்ராஸ்காவுக்கு எதிராக அவருடைய இடத்தில் வந்தவர் தடுமாறினார், அவரும் காயப்பட்டார். ஆட்டத்தை 21-17 என்று தட்டுத்தடுமாறியே வென்றார்கள். அடுத்த வாரம் பென் ஸ்டேட்டுக்குப் போகுமுன், இடது கார்டாக இருந்த டானவன் ஜாக்சன் டேக்கிளுக்கு நகர்த்தப்பட்டார். பழைய சென்டர் கார்சன் ஹின்ஸ்மன் கார்டாக நின்றார். நவம்பர் நடுவில் சென்டர் செத் மெக்லாஃப்லினுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. ஹின்ஸ்மன் சென்டருக்குப் போனார், இடது கார்டுக்கு லூக் மாண்ட்கோமரி வந்தார். ஆக, ஆறு வாரத்துக்குள் இடது டேக்கிள், இடது கார்டு, சென்டர் ஆகிய மூன்று இடங்களும் ஆள்மாறின.

ஓர் ஆள் காயப்பட்டால் ஓர் இடம்தான் கெடும் என்று எண்ணுவது இயல்பு. நடப்பது வேறு. சிறந்த கார்டை டேக்கிளாக்கினால் இரண்டு இடங்கள் புதியவை ஆகின்றன, இரட்டைத் தடுப்பு ஜோடிகளில் இரண்டோ மூன்றோ புதியவை ஆகின்றன. ஆயினும் அந்த அணி செய்தது சரி என்றே கருதுகிறேன்: ஓரத்தில் நிற்பவரைத் தனியே விட வேண்டியிருப்பதால் ஐவரில் சிறந்தவர் அங்கே நிற்பதும், அனுபவம் குறைந்தவர் இருபுறமும் துணையிருக்கும் கார்டு இடத்தில் நிற்பதும் நியாயமான பங்கீடு. பென் ஸ்டேட்டில் தொடக்கத்தில் ஜாக்சன் தடுமாறினார், பிறகு நிலைத்தார். 20-13 என்று வென்ற அந்த ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டங்களாலேயே கரைத்து முடித்தார்கள்.

இதற்கு நேர்மாறான சான்று, முந்தைய ஆண்டு நவம்பர் 25 அன்று மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் கிடைத்தது. மிச்சிகனின் வலது கார்டு ஸாக் ஸின்டரின் கால் மூன்றாம் காற்பகுதியில் முறிந்தது. வலது டேக்கிளாக இருந்த கார்சன் பார்ன்ஹார்ட் கார்டுக்கு நகர, டிரென்டி ஜோன்ஸ் டேக்கிளாக உள்ளே வந்தார். அடுத்த பிளேயிலேயே ரன்னிங் பேக் பிளேக் கோரம் 22 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். மாற்றாள்கள் ஏற்கெனவே அந்தப் பருவத்தில் நிறைய ஆடியிருந்தார்கள். ஒரு வரிசையின் ஆழத்தை மதிப்பிட விரும்பினால், ஆறாவது ஏழாவது ஆட்கள் காயம் நேராத ஆட்டங்களில் எத்தனை பிளே ஆடியிருக்கிறார்கள் என்று செப்டம்பரிலேயே எண்ணிவையுங்கள்.

அறிகுறி: ஸ்னாப்பே கோணலாக வருகிறது

இது கண்ணுக்குத் தெரிந்தும் கணக்கில் வராத பழுது. ஷாட்கன் அமைப்பில் பந்து ஐந்து யார்டு பின்னே பறந்து குவார்ட்டர்பேக்கின் மார்புக்கு வர வேண்டும். கணுக்காலுக்கு வந்தால் அவர் கண் கீழே போகிறது, ஓட்டத்தில் கைமாற்றும் நேரம் பிசகுகிறது, யாரைப் படிக்க வேண்டுமோ அவரைப் பார்க்க முடிவதில்லை. புள்ளிவிவரத்தில் இது இரண்டு யார்டு ஓட்டமாகவோ தவறிய பாஸாகவோ பதிவாகும்.

2024 ஜனவரி 1 அன்று ரோஸ் போல் ஆட்டத்தில் அலபாமா மிச்சிகனிடம் கூடுதல் நேரத்தில் 27-20 என்று தோற்றபோது, அந்த இரவு முழுவதும் தாழ்ந்த ஸ்னாப்புகள் தொல்லை கொடுத்தன. கடைசிப் பிளேயிலும் பந்து தாழ்ந்தே வந்தது, குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோ நடுவில் முட்டி நின்றுபோனார். அன்று அவர் ஆறு முறை சேக் ஆனார் என்பதும் சேர்ந்ததால் வரிசை முழுவதும் பழிக்கப்பட்டது. அன்றைய சென்டர் வேறு யாருமில்லை, பிறகு ஒஹையோ ஸ்டேட்டுக்கு மாறிய அதே மெக்லாஃப்லின்தான். பருவத்தின் நடுவே காயப்பட்டும் அவர் 2024இல் நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் கோப்பையைப் பெற்றார். ஸ்னாப் கோளாறு ஆட்டக்காரரின் தகுதிக் குறைவு அல்ல, கைப்பழக்கத்தின் குறை. ஒரு கோடைப் பயிற்சியில் தீரக்கூடியது.

அறிகுறி: மஞ்சள் கொடிகள்

நடுவர் மஞ்சள் கொடி வீசும் குற்றங்களில், ஸ்னாப்புக்கு முன்பே அசைந்துவிடும் ஃபால்ஸ் ஸ்டார்ட்டுக்குத் தண்டனை ஐந்து யார்டு, எதிராளியைப் பிடித்து நிறுத்தும் ஹோல்டிங்குக்குப் பத்து யார்டு. முதலாவது வெளியூர் ஆட்டங்களில் மட்டும் பெருகினால் அது இரைச்சலின் விளைவு. குரல் கேட்காத இடத்தில் கார்டு சென்டரைத் தட்டுவதோ சென்டர் தலையசைப்பதோ அடையாளமாக வைத்து ஸ்னாப் செய்வார்கள், அந்த ஒத்திகை போதவில்லை என்று பொருள். உள்ளூரிலும் பெருகினால், குறிப்பாக ஒரே டேக்கிளிடமிருந்து வந்தால், அவர் எதிரே நிற்பவரின் வேகத்துக்கு அஞ்சி முந்திக்கொள்கிறார். ஹோல்டிங்கும் அப்படியே: தோற்றுவிட்டேன் என்று கை உணரும் கணத்தில்தான் சட்டையைப் பிடிக்கிறது. ஆகவே கொடியை ஒழுக்கக் குறைவு என்று படிக்காமல், தவிர்க்கப்பட்ட ஒரு சேக் என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அறிகுறி எதுவும் இல்லை, ஆனால் சந்தேகம் இருக்கிறது

செப்டம்பரில் நான்கு வெற்றி, சேக் ஒன்றோ இரண்டோ. இந்த நிலையில்தான் நான் மிகவும் கவனமாகப் பார்ப்பேன். பெரிய அணிகள் பருவத்தின் தொடக்கத்தில் கீழ்ப்பிரிவு அணிகளை அழைத்து ஆடுகின்றன. அங்கே 136 கிலோ கார்டு 115 கிலோ எதிராளியைப் புரட்டுவதிலிருந்து எதுவும் தெரியாது. மேலும், பந்தை ஒன்றரை விநாடியில் எறிந்துவிடும் பிளேக்களும், ஓட்டமா எறிதலா என்பதை ஸ்னாப்புக்குப் பின் தீர்மானிக்கும் ஆர்பிஓ பிளேக்களும் பலவீனமான வரிசையை நன்றாக மறைக்கும். பாஸ் எறியப்படுமுன் முன்வரிசையினர் மூன்று யார்டு வரை முன்னே போகலாம் என்று கல்லூரி விதி இடம் கொடுப்பதால் ஆர்பிஓ அங்கே செழித்திருக்கிறது. என்எஃப்எல்லில் அந்தச் சலுகை ஒரு யார்டுதான். இத்தகைய பிளேக்களையெல்லாம் நீக்கிவிட்டு, மூன்றாம் டவுனில் ஏழு யார்டுக்கு மேல் தேவைப்பட்ட பாஸ்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். எதிரணிக்கும் எறிதல்தான் என்று தெரிந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு பிளேக்களில் வரிசையின் உண்மை நிறம் வெளிப்படும்.

எதை வைத்து அளக்கிறோம் என்பதும் அணிக்கு அணி மாறும். நாட்டின் சிறந்த முன்வரிசைக்கு 2015 முதல் தரப்படும் ஜோ மோர் விருதை 2019இல் வென்ற எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்), குவார்ட்டர்பேக் ஜோ பரோ 60 டச்டவுன் எறிந்த அணி; 2024இல் வென்ற ஆர்மி (ராணுவக் கல்லூரி அணி), அந்த ஆண்டு ஓட்டத்தில் நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற, எறிவதே அபூர்வமான அணி. ஆர்மியின் டேக்கிளை எல்எஸ்யூவின் அளவுகோலால் அளந்தால் இருவருக்கும் நியாயம் கிடைக்காது.

கண்டுபிடித்தாயிற்று, இனி எதை எதிர்பார்க்கலாம்

ஒரு வாரத்தில் பயிற்சியாளரால் ஆளை வலுவாக்க முடியாது, ஆனால் அவரை மறைக்க முடியும். சரியும் டேக்கிளின் பக்கம் டைட் எண்டை நிறுத்தலாம். ரன்னிங் பேக் வெளியே ஓடுமுன் எதிராளியின் விலாவில் ஓர் இடி கொடுத்துவிட்டுப் போகச் சொல்லலாம். குவார்ட்டர்பேக்கை மறுபக்கம் உருட்டிக்கொண்டு போய் எறியச் செய்யலாம். எல்லாவற்றையும்விடத் துணிவான மறைப்பு, எறியாமலே இருப்பது: 2023 நவம்பர் 11 அன்று பென் ஸ்டேட்டின் வேகமான ஓர ஆட்டக்காரர்களுக்கு எதிராக மிச்சிகன் கூடுதல் முன்வரிசையினரை இறக்கி, தொடர்ச்சியாக 32 ஓட்டங்களை அழைத்து 24-15 என்று வென்றது. இந்த மறைப்புகளுக்கு விலை உண்டு. தடுக்க நிற்பவர் பந்து வாங்க ஓட முடியாது, ஆகவே எறிவதற்கு இலக்குகள் குறையும். ஆழமாக எறிய மாட்டேன் என்கிறார்களே என்று சலித்துக்கொள்ளுமுன், அந்தப் பிளேயில் எத்தனை பேர் தடுக்க நின்றார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு பருவம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஆளையே மாற்றலாம். மிச்சிகன் 2022இல் வர்ஜீனியாவிலிருந்து வந்த ஒலுசெகுன் ஒலுவாட்டிமியைச் சென்டராக நிறுத்தியது. அவர் அந்த ஒரே பருவத்தில் ரிமிங்டன், அவுட்லண்ட் கோப்பைகள் இரண்டையும் வென்றார், வரிசை இரண்டாம் முறையாக ஜோ மோர் விருதை வென்றது. எல்லா இறக்குமதியும் இப்படிப் பலிக்கும் என்று நம்ப வேண்டாம். சென்டர் தனியே வந்தாலும் இருபுறமும் இருந்த கார்டுகள் பழையவர்கள் என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அதிகம்.

ஒஹையோ ஸ்டேட்டுக்கு அப்படி ஆளை மாற்ற அவகாசம் இல்லை. மிச்சிகனிடம் தோற்ற மூன்றாம் வாரம் அதே ஒட்டுப்போட்ட வரிசையோடு டென்னசியை 42-17 என்று வென்றார்கள். பிறகு ஆரிகனை 41-21, டெக்சஸை 28-14 என்று வென்று, 2025 ஜனவரி 20 அன்று நோட்டர் டேமை 34-23 என்று வீழ்த்தி நாட்டுச் சாம்பியன் ஆனார்கள். மிச்சிகன் ஆட்டத்தின் பதிவையும் டென்னசி ஆட்டத்தின் பதிவையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். முதல் தொடரில் முதல் டவுனில் என்ன அழைத்தார்கள், பந்து ரிசீவர்களிடம் எவ்வளவு சீக்கிரம் போனது, எதிரணி அதன்பின் பந்துக்கு அருகே எத்தனை பேரை நிறுத்தத் துணிந்தது என்ற மூன்றை மட்டும் குறித்துக்கொண்டு, பிறகு அந்த ஐவரைப் பற்றிய உங்கள் தீர்ப்பை எழுதுங்கள்.